ஒரு கண்ணு பத்தாதா?

“ஏண்டி, இருக்குற உசுருக்கு ஒரு கண்ணு பத்தாதா?”

அம்மா என்னிடம் இப்படிக் கேட்டபோது வலது கண்ணில் புரை எடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. இடது கண்ணுக்கு வரவேண்டிய தேதியை ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதே தேதியில் எங்கள் தெருவின் சுடுகாட்டுப் பாதைக்காகத் தாலுகா ஆபீஸ் முன்னால் உட்காருவது என்று முடிவாகியிருந்தது. நோட்டீஸில் என் பெயர் இருந்தது. அம்மாவுக்குத் திராட்சை வெட்டு. இந்த வெட்டை விட்டால் அடுத்த வெட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள். ஆக, அவள் கேட்டதை நான் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாவே போதும்னு சொல்லிட்டாளே என்று நிம்மதியாக நோட்டீஸ் ஒட்டப் போய்விட்டேன்.

பதினாலு மாதம் ஓடிப்போனது. அந்தப் பதினாலு மாதத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். இது ஆஸ்பத்திரி மேல் புகார் இல்லை. முகாம் பஸ்ஸில் கூட்டிப்போனார்கள், காசு வாங்காமல் ஆபரேசன் செய்தார்கள், சோறு போட்டார்கள், திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். அடுத்த கண்ணுக்கும் காசில்லை, வந்திருங்கம்மா என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். போகாதது நாங்கள். கூட்டிப் போகாதது நான்.

எங்கள் ஊர் கம்பம் பள்ளத்தாக்கில் சுருளிப்பட்டிப் பக்கம். பன்னீர் திராட்சைக்குப் பேர்போன மண். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பத்திரிகையெல்லாம் எழுதின. தோட்டம் யாருடையது, அந்தப் பந்தலுக்குக் கீழே அண்ணாந்தபடி கவாத்துப் பண்ணுகிறவளும் கொலை வெட்டுகிறவளும் எந்தத் தெருக்காரிகள் என்று எவரும் எழுதவில்லை. அம்மா சின்ன வயசில் ஜீப்பில் அடைபட்டுக் கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போனவள். பிறகு கீழே திராட்சைத் தோட்டம். நாற்பது வருச வெயில், வீட்டுக்கு வந்தால் விறகடுப்புப் புகை. வயசானால் எல்லோருக்கும் புரை வரும்தான். ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிரும், அடுப்புப் புகையும், சர்க்கரை நோயும் அதைச் சீக்கிரம் கொண்டுவருகின்றன என்று மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன. புரைக்குச் சாதி தெரியாது. வெயிலில் யாரை நிறுத்துவது என்று சாதிக்குத் தெரியும்.

கட்டுப் பிரித்த மறுநாள் அம்மா சொன்னாள்: “வலக்கண்ணுல பார்த்தா ஒங்க அப்பன் வேட்டி வெள்ளையா இருக்கு. இடக்கண்ணுல பார்த்தா அதே வேட்டி டீத்தண்ணியில முக்குனாப்புல இருக்குடி.” நான் சிரித்தேன். அவள் சொன்னது அப்படியே உண்மை. கண்ணுக்குள் இருக்கும் வில்லை வயசாக ஆக மஞ்சளாகி, பழுப்பாகி, நீலத்தை உள்ளே விடாமல் தடுக்கிறது. அதை எடுத்துவிட்டுத் தெளிவான செயற்கை வில்லையை வைத்தால் நீலம் திரும்ப வருகிறது. வருசக்கணக்கில் டீத்தண்ணி நிறத்து உலகத்தைத்தான் அம்மா உலகம் என்று நினைத்திருந்தாள். அது மெதுவாக வந்ததால் அவளுக்குத் தெரியவில்லை. ஒரு கண் திறந்த பிறகுதான் மற்றது மூடியிருந்ததே தெரிந்தது.

இரண்டு கண்ணும் ஒரு பொருளைக் கொஞ்சம் வேறு வேறு கோணத்தில் பார்க்கின்றன. அந்த இரண்டு படத்தையும் சேர்த்துத்தான் மூளை ‘இது இவ்வளவு தூரத்தில் இருக்கு’ என்று கணக்குப் போடுகிறது. ஒன்று தெளிவு, ஒன்று மங்கல் என்றால் கணக்கு இடிக்கிறது. அதோடு, வைத்த வில்லை தூரப் பார்வைக்கானது. கிட்டத்தில் பார்க்கக் கண்ணாடி வேண்டும். பழைய கண்ணாடியோ ஆபரேசன் ஆன கண்ணுக்குச் சேராது. ரெண்டு கண்ணுக்கும் பொருந்துகிற கண்ணாடி அந்த இடைக்காலத்தில் கிடைப்பது கஷ்டம்.

இதையெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மா படிக்காமலே சமாளித்தாள். டம்ளரில் டீ ஊற்றும்போது ஆள்காட்டி விரலை விளிம்புக்கு உள்ளே மடக்கி வைத்துக்கொள்வாள். சூடு விரலில் பட்டால் நிறுத்திவிடுவாள். வாசல்படி மூன்றுக்கும் விளிம்பில் சுண்ணாம்புக் கோடு இழுத்தாள். கேட்டதற்கு, “மாரியம்மன் சாட்டிருக்குல்ல” என்றாள். பஸ்ஸில் இறங்கும்போது பக்கத்தில் இருப்பவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஏதாவது பேச்சுக் கொடுப்பாள், பேச்சுக்காகப் பிடித்த மாதிரி. வாய்க்கால் தாண்டும்போது ஆட்டை முன்னால் விடுவாள். அது எங்கே கால் வைக்கிறதோ அங்கே இவள். ஊசியில் நூல் கோக்கத் தெருப்பிள்ளைகளைக் கூப்பிடுவாள், கூலியாக ஒரு முறுக்கு. அஞ்சு ரூபாய்க் காசையும் பத்து ரூபாய்க் காசையும் விரலால் தடவிப் பிரித்து முந்தானையின் ரெண்டு முனையில் தனித்தனியாக முடிந்துகொள்வாள்.

ரொம்பச் சங்கடமானால் இடது கண்ணை மூடிக்கொள்வாள். “இந்தப் பீக்கண்ண மூடிக்கிட்டா எல்லாம் தெளிவா இருக்கு” என்பாள். இதைப் பிறகு சொல்கிறேன்.

பந்தலுக்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்க்க முடியாது. அண்ணாந்து ஒரு கையால் கொலையைத் தாங்கி, மறு கையில் கத்திரியை வைத்துக் காம்பை வெட்டவேண்டும். காம்பு எங்கே, விரல் எங்கே என்று தூரம் பிடிபடவில்லை. ஒருநாள் இடதுகைப் பெருவிரலை வெட்டிக்கொண்டாள். பழத்தில் ரத்தம் பட்டுவிட்டது என்று கங்காணி அந்தப் பெட்டியை ஒதுக்கி, அரைநாள் கூலியைப் பிடித்தார். அம்மா விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து, “அருவா பட்டுருச்சு” என்றாள். மூன்று மாதம் கழித்து வேறொருத்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த மூன்று மாதத்தில் கூலி உயர்வு கேட்டு நான் ரெண்டு கூட்டத்தில் பேசியிருக்கிறேன்.

இன்னொன்று நடந்தது. அது என்னை இன்றுவரை குத்துகிறது.

“ரோட்டுல வண்டி போறது ஒரு தினுசா இருக்குடி. வலப் பக்கமிருந்து வர்றது மேல வர்ற மாதிரி இருக்கு. இடப் பக்கமிருந்து வர்றது தள்ளிப் போற மாதிரி இருக்கு” என்று அம்மா ரெண்டு மூன்று தடவை சொன்னாள். கண்ணில் கோளாறு இருந்தால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதானே இருக்கும், அதென்ன வலப் பக்கம், இடப் பக்கம்? “ஒனக்குப் பயம்மா, வேற ஒண்ணுமில்ல” என்றேன். எம்.ஏ. படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள். ஒரு சாயங்காலம் குமுளி ரோட்டைத் தாண்டும்போது பாதி ரோடு கடந்துவிட்டாள். இடப் பக்கமிருந்து வந்த பைக் தூரத்தில் இருப்பதாக நினைத்துக் காலை எடுத்து வைத்தாள். ஹேண்டில்பார் முழங்கையில் அடித்துக் கீழே தள்ளியது. எலும்பு உடையவில்லை. அவ்வளவுதான் அதிர்ஷ்டம்.

அம்மா சொன்னதற்கு ஒரு பெயர் இருக்கிறது. புல்ஃப்ரிச் விளைவு. ஒரு கண்ணுக்குள் வெளிச்சம் குறைவாகப் போனால் அந்தக் கண்ணின் செய்தி மூளைக்கு ஒரு கணம் பிந்திப் போகிறது. நிற்கிற பொருளில் வித்தியாசம் தெரியாது. குறுக்கே ஓடுகிற பொருள் மட்டும், ஒரு திசையில் போனால் கிட்டத்திலும் மறு திசையில் போனால் தூரத்திலும் இருப்பதாகத் தோன்றும். ஒரு கண்ணில் மட்டும் புரை இருப்பவர்களுக்கு இது வரும். ஜெர்மனியின் கார்ல் புல்ஃப்ரிச் என்ற இயற்பியலாளர் 1922இல் இதை விளக்கி எழுதினார். அவருக்கு ஒரு கண் பார்வையில்லை. தன் பெயரில் வழங்கும் விளைவை அவர் ஒரு நாளும் தன் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் சொன்னதை நம்பினார். நம்பியதால் காரணம் தேடினார்.

நம் பத்திரிகைகளில் வருசக்கணக்காக ஒரு விவாதம் ஓடியிருக்கிறது. தலித் அனுபவத்தைத் தலித் அல்லாதவர் எழுத முடியுமா என்று. அந்த விவாதத்தில் நான் காரமாகப் பேசியிருக்கிறேன். அனுபவித்தவள் சொல்லே முதல் சாட்சி என்று மேடையில் கை தட்டு வாங்கியிருக்கிறேன். அதே நான், என் தாய் தன் கண்ணைப் பற்றித் தானே சொன்ன சாட்சியத்தைப் பயம் என்று தள்ளினேன். ஏனென்றால் அது எனக்குத் தெரிந்த தர்க்கத்துக்குள் அடங்கவில்லை. நம் மக்கள் ஸ்டேசனிலும் ஆபீஸிலும் சொல்வதை எழுத மறுக்கிறவன் செய்வதும் இதைத்தான். ரத்த உறவு இருப்பதால் கேட்கிற காது தானாக வந்துவிடாது என்று அந்த ரோட்டில்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் அம்மாச்சி காலத்தில் இந்த இடைக்காலம் இதைவிட மோசம். தேனி மதுரை மாவட்டமாக இருந்த காலம் அது. புரை வில்லையை எடுத்துவிடுவார்கள், உள்ளே எதையும் வைக்க மாட்டார்கள். வெளியே சோடாபுட்டிக் கண்ணாடி. அந்தக் கண்ணாடி பொருளைச் சுமார் நாலில் ஒரு பங்கு பெரிதாகக் காட்டும். ஒரு கண் மட்டும் ஆபரேசன் ஆகியிருந்தால் அந்தக் கண்ணுக்கு ஆள் பெரிசு, மற்றதுக்குச் சிறிசு. ரெண்டும் ஒட்டாது. ஒருத்தர் ரெண்டு பேராகத் தெரிவார். அம்மாச்சி கண்ணாடியைக் கழற்றி மாடக்குழியில் வைத்துவிட்டுத் தடவித் தடவியே நடந்தாள். கிழவிக்கு வீம்பு என்றார்கள்.

கண்ணுக்கு உள்ளேயே வில்லை வைக்கலாம் என்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹரால்டு ரிட்லி செய்துகாட்டியது 1949 நவம்பர் 29இல். யுத்தத்தில் விமானக் கூரையின் பிளாஸ்டிக் சில்லு கண்ணுக்குள் தங்கிய விமானிகளுக்குக் கண் அதை ஒதுக்காமல் ஏற்றுக்கொண்டதைக் கவனித்ததிலிருந்து வந்த யோசனை. மருத்துவ உலகின் பெரியவர்கள் பல வருசம் அவரை எதிர்த்தார்கள். அது நம் சேரிக்கு வர இன்னும் நாற்பது வருசத்துக்கு மேல் ஆனது. இறக்குமதி வில்லையின் விலை ஏழைக்கு எட்டாது. மதுரையில் 1976இல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 1992இல் ஆரோலாப் ஏற்படுத்தி இங்கேயே மலிவாக வில்லை செய்யத் தொடங்கிய பிறகுதான் கூலிக்காரி கண்ணுக்குள்ளும் வில்லை போனது. இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அம்மாச்சிக்குக் கிடைக்காதது அம்மாவுக்குக் கிடைத்தது.

அப்படியானால் கேள்விக்கு வருவோம். ஒரு கண்ணு பத்தாதா?

பத்தும் என்று சொல்கிறவர்களிடம் ஒரு நியாயம் இருக்கிறது. ரெண்டு கண்ணும் தெரியாதவர் வரிசையில் நிற்கும்போது, ஒரு கண் தெரிகிறவளுக்கு இரண்டாவது கண்ணைச் செய்வது சரியா? முதலில் எல்லோருக்கும் ஒரு கண், பிறகு பார்ப்போம் என்பது ஏமாற்றுப் பேச்சு இல்லை. முதல் கண்ணே பெரிய காரியம்தான். 2005இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் எழுபது வயதுக்கு மேற்பட்ட பெண்களிடம் செய்த ஆய்வில், முதல் கண் ஆபரேசனைச் சீக்கிரம் செய்தவர்கள் கீழே விழுவது 34 சதவீதம் குறைந்திருந்தது. அடுத்த வருசம் அங்கேயே இரண்டாவது கண்ணைப் பற்றி ஆய்வு செய்தார்கள். விழுவது குறைகிறது என்று உறுதியாக நிரூபிக்க முடியவில்லை. ஆனால் அன்றாடக் காரியம் செய்வதும், தைரியமாக நடமாடுவதும் கூடியிருந்தது. அந்தத் தைரியத்துக்கு என்ன விலை என்பதை அரைநாள் கூலி பிடிபட்டவளிடம்தான் கேட்கவேண்டும்.

ஆனால் இந்த ‘முதலில் ஒரு கண்’ நியாயம் யாருக்கு மட்டும் சொல்லப்படுகிறது என்று பாருங்கள். காசு கட்டுகிறவருக்கு இடையில் சில வாரம்தான். ரெண்டு கண்ணையும் ஒரே நாளில் பெரும்பாலும் செய்வதில்லை, கிருமி தொற்றினால் ரெண்டும் போய்விடும் என்ற ஜாக்கிரதை. அந்த இடைவெளி மருத்துவத்துக்குத் தேவை. பதினாலு மாதம் மருத்துவத்துக்குத் தேவையில்லை. அது கூலிக்காக, வெட்டுக்காக, துணைக்கு வர ஆளில்லாததற்காக. தலைக்குத் தண்ணி ஊற்றக்கூடாது, குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, அடுப்படிக்குப் போகக்கூடாது, வேளை தவறாமல் சொட்டுமருந்து என்றால் தினக்கூலிக்காரிக்கு அது சம்பளமில்லாத மாதம். ஆஸ்பத்திரி இலவசம். அந்த மாதம் இலவசமில்லை.

கணக்கெடுப்பும் இதற்கு ஒத்தாசை. பார்வையின்மை என்பதை இரண்டு கண்ணில் நன்றாகத் தெரிகிற கண்ணை வைத்துத்தான் அளக்கிறார்கள். நல்ல கண் உள்ளவர் அறுபது மீட்டரில் பார்ப்பதை, நன்றாகத் தெரிகிற கண்ணாலும் மூன்று மீட்டரில்கூடப் பார்க்க முடியாதவர்தான் பார்வையற்றவர் என்று 2017இல் இந்திய அரசு வரையறையை மாற்றியது. அதற்கு முன் அது ஆறு மீட்டர். எது எப்படியிருந்தாலும், ஒரு கண் திறந்த அன்றைக்கே அம்மா அந்தக் கணக்கிலிருந்து வெளியே போய்விட்டாள். அவள் இப்போது ‘பார்வை பெற்றவர்’. முகாம் நடத்திய ஊர்ப்பெரியவரின் பேனரிலும் அப்படித்தான் இருந்தது.

இந்தக் குரலை நமக்குப் புதிதாகவா கேட்கிறோம்? ‘உங்களுக்குத்தான் ஒதுக்கீடு குடுத்தாச்சே. ஓட்டு இருக்கே. ஒங்க ஆளு பஞ்சாயத்துத் தலைவராயிட்டாரே, இன்னும் என்ன?’ தலைவர் ஆனார். நாற்காலியில் உட்கார விட்டார்களா என்பது பேனரில் வராது. ரிட்லி அந்த வில்லையை வைப்பதற்கு நாலு நாள் முன்னால், 1949 நவம்பர் 25இல், அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் பேசினார். ஜனவரி 26 முதல் முரண்பாடான வாழ்க்கைக்குள் போகப்போகிறோம், அரசியலில் சமத்துவம் இருக்கும், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் இருக்காது, இந்த முரண்பாட்டைச் சீக்கிரம் நீக்காவிட்டால் கட்டிய ஜனநாயகமே தகர்ந்துபோகும் என்பது அவர் எச்சரிக்கை. சீக்கிரம் என்றார். இடைக்காலம் ஒன்று இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அதையே வீடாக்கிக் குடியிருக்கச் சொல்லவில்லை.

வேண்டாம் என்று சொல்ல உரிமை இல்லையா என்று கேட்கலாம். உண்டு. பிரான்சின் ஓவியர் மோனே 1923இல் வலது கண்ணில் ஆபரேசன் செய்துகொண்டார். நிறமெல்லாம் மாறித் தெரிகிறது என்று கோபப்பட்டார். இடது கண்ணைத் தொடவே விடவில்லை. அவருக்கு மருத்துவர் வீடு தேடி வந்தார், நிறக் கண்ணாடிகள் வந்தன. எல்லாம் கையில் இருக்க ‘வேண்டாம்’ என்றார். அம்மா சொன்னது ‘வேண்டாம்’ இல்லை, ‘பத்தாதா?’ தனக்கு எவ்வளவு கேட்கலாம் என்று எதிராளி முகத்தைப் பார்த்துக் கேட்கிற கேள்வி அது. தோட்டத்தில் தண்ணி குடிக்கவும், கூலி வாங்கவும், பண்ணை வீட்டு வாசலில் எங்கே நிற்பது என்று தெரிந்துகொள்ளவும் அவள் பழகிய குரல். அந்தக் குரலில் என்னிடமும் கேட்டாள். நான் பண்ணைக்காரர் சொல்கிற பதிலைச் சொன்னேன், வாய் திறக்காமல்.

இப்போது அந்தக் கண்ணை மூடிக்கொள்கிற விசயம். மங்கல் கண்ணை மூடினால் தெளிவு கிடைக்கிறது என்பது நிஜம். படித்து வெளியே வந்த நம்மில் பலர் அப்படித்தான் பார்க்கிறோம். தேனியில் வாடகை வீடு, கையில் புத்தகம், மேடையில் தெளிவான அரசியல். மங்கலான கண் ஊரில் இருக்கிறது. அங்கே அம்மா படிக்குச் சுண்ணாம்பு இழுக்கிறாள். அதையும் சேர்த்துப் பார்த்தால் படம் கலங்குகிறது, தலை சுற்றுகிறது, முடிவெடுக்கத் தாமதமாகிறது. மூடிக்கொண்டால் வேகமாகப் போகலாம். ஆனால் தூரம் தெரியாது. சுடுகாட்டுப் பாதை செத்தவர்களுக்கு மட்டுமில்லை, அதில் பிணம் தூக்கிப் போகிறவர்களுக்கும்தான் என்று பேசினேன். உயிரோடு ரோடு தாண்டுகிறவள் என் கணக்கில் வரவில்லை. போராட்டம் தப்பு என்று சொல்லவில்லை. அதே நாளை வேறு நாளாக மாற்ற ஒரு போன் போதும். நான் செய்யவில்லை.

கடைசியில் பைக் அடித்த பிறகுதான் கூட்டிப்போனேன். இடது கண்ணும் முடிந்து கட்டுப் பிரித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த அன்று அம்மா சுவரைத் தொடாமல் மூன்று படியும் இறங்கி, திரும்ப ஏறி, மறுபடி இறங்கினாள். “முன்னாடியே கூட்டிட்டுப் போயிருக்கணும்மா” என்றேன். பரவாயில்லடி என்பாள் என்று எதிர்பார்த்தேன்.

“ஆமா, போயிருக்கணும்” என்றாள். அவ்வளவுதான்.

போன மாதத்திலிருந்து எங்கள் தெருவில் வீடு வீடாகக் கேட்கிறோம். ஒரு கண் முடிந்து மறு கண்ணுக்குப் போகாதவர் யார், ஏன் போகவில்லை என்று. அந்த மாதத்துக்கு வீட்டுச் செலவுக்கு மகளிர் குழுவில் கடன், வட்டியில்லாமல். துணைக்குப் போக முறை போட்டிருக்கிறோம். தோழர்கள் உங்கள் தெருவிலும் கேட்டுப் பாருங்கள். கேட்கும்போது அம்மாக்களையும் கூட்டிப்போங்கள். மேலத்தெருப் பெரியாத்தா வீட்டில் நான் எவ்வளவோ விளக்கம் சொன்னேன். அந்தக் கிழவி எங்க அம்மாவைப் பார்த்து, “இருக்குற உசுருக்கு ஒரு கண்ணு பத்தாதா?” என்றது.

“பத்தாது பெரியாத்தா. நானும் அப்பிடித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்” என்றாள் அம்மா.